பக்கவாத்தியத்திலிருந்து பாட்டு வரை



திருச்சியிலிருந்து சென்னைக்குக் கார்டு லைன் ரயிலில் போன எல்லோருக்கும் இந்த வழி தெரிந்திருக்கும். காவிரி தாண்டினால் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் லால்குடி. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும் அவசரத்தில் அந்த மஞ்சள் போர்டை நம்மில் பலர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அந்த ஊர்ப்பெயர் பல நாடுகளில் ஒரு மனிதருடைய பெயராகவே வழங்குகிறது. "லால்குடி கேட்டிருக்கிறாயா?" என்று ஒருவர் கேட்டால், ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. பிடில் வித்வான் லால்குடி ஜெயராமனைப் பற்றிக் கேட்கிறார் என்று அர்த்தம்.

1930இல் பிறந்து 2013இல் மறைந்தவர். அவரைப் பற்றி 'வயலின் மேதை' என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். நான் எழுத வந்தது அதையல்ல. வாயே இல்லாத ஒரு வாத்தியத்தை, அதுவும் இன்னொருவர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர், பின்னால் தானே பாட்டு கட்டுகிறவராக எப்படி வளர்ந்தார் என்பதுதான் விஷயம். சங்கீதம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நானும் முறையாகக் கற்றவன் இல்லை. கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான்.

வந்தேறிய வாத்தியம்

வயலின் நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. இறக்குமதி! முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்து மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பிய இசையைக் கேட்டு ஆசைப்பட்டு, ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் மூன்று ஆண்டு வயலின் கற்றார். பிறகு அதே வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். பொருந்திவிட்டது. பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார்.

ஏன் பொருந்தியது? இஞ்சினீயர்கள் ரசிக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. வீணையில் இருப்பதுபோல் வயலினில் மெட்டு கிடையாது. விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கிப் போகலாம். நம் சங்கீதத்துக்கு உயிரே கமகம்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்தும் அசைந்தும் போவது. அதற்கு இடைஞ்சலே இல்லாத வாத்தியம் தானாகக் கப்பலேறி வந்தால் விடுவார்களா? தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று நம் சுருதிக்கு மாற்றிக் கட்டினார்கள். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசித்தார்கள். இடது கைக்குப் பிடிலைத் தாங்கும் வேலை போயிற்று. வழுக்கி ஓடுவது மட்டுமே அதன் வேலை.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு. முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடர், வயலின்காரர். திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இந்த நால்வர்தான் வர்ணம், தில்லானா என்று இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள். உருப்படிகளையும் இயற்றியவர்கள். ஆகவே பிடில்காரர் பாட்டு கட்டுவது நம் ஊரில் புதிதில்லை. ஆனால் அந்த வழி நடுவில் கொஞ்சம் புல் மண்டிப்போயிற்று. பிடில் என்றால் பாடகருக்குத் துணை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

துணையாக வாசித்தவர்கள் சாமானியர்கள் அல்ல. துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு தனி வயலின் கச்சேரிக்கு ஒரு மரியாதையை உண்டாக்கினார். 1941இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். மைசூர் சௌடய்யா, மைக் இல்லாத நாட்களில் கடைசி வரிசை வரைக்கும் ஓசை போக வேண்டும் என்பதற்காக ஏழு தந்தி வயலினே செய்துகொண்டார். அவரும் கீர்த்தனைகள் இயற்றியவர்தான். இருந்தாலும் பொதுவாக நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில், பிடில் பெயர் சின்ன எழுத்தில் என்பதுதான் நடைமுறை.

அப்பாவே குரு

லால்குடிக்குச் சங்கீதம் வந்த வழி தனி. தியாகராஜ ஸ்வாமிகள் அங்கே வந்து, சப்தரிஷீஸ்வரர் மேலும் ஸ்ரீமதி அம்பாள் மேலும் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். லால்குடி பஞ்சரத்னம் என்று இன்றும் பாடுகிறார்கள். தோடி, பைரவி, காம்போதி, மத்தியமாவதி, கல்யாணி என்று ஐந்தும் கனமான ராகங்கள். தியாகராஜரின் சீடர்களில் ஒருவர் லால்குடி ராமய்யர். அந்தப் பரம்பரையில் வந்தவர் வி.ஆர். கோபால ஐயர். அவருடைய மகன் ஜெயராமன், 1930 செப்டம்பர் 17இல் பிறந்தார்.

குரு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாதான். அந்த வீடுகளில் குருகுலம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்: டைம்டேபிள் கிடையாது, லீவு கிடையாது, 'அப்பா இன்னிக்கு வேண்டாமே' கிடையாது! 1942இல், பன்னிரண்டு வயதில், பக்கவாத்தியமாக மேடை ஏறினார். நமக்கு அந்த வயதில் ஏழாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையே மலையாகத் தெரிந்தது.

பக்கத்தில் உட்காருவது என்றால்...

இந்த வேலையின் கஷ்டம் வெளியே தெரிவதில்லை. கர்நாடகக் கச்சேரிக்கு வழக்கமாக ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்றுகூடப் பிடில்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பாடகர் ஆலாபனையை ஆரம்பித்த இரண்டாவது நொடியில் ராகம் பிடிபட வேண்டும். அவர் ஒரு சங்கதி பாடினால் நிழல்போல் தொடர வேண்டும். முந்தக் கூடாது, பின்தங்கவும் கூடாது. அவர் முடித்ததும் தனக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அதே ராகத்தை வாசிக்க வேண்டும். அவரைக் காப்பியடித்தால் சுவை இல்லை, அவரை அமுக்கினால் மரியாதை இல்லை. கல்பனாஸ்வரத்தில் அவர் வீசும் கணக்குக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், நாலு நாலாக 32 மாத்திரை. அதற்குள் ஒரு கோர்வை எங்கே தொடங்கி எங்கே வந்து விழும் என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே மனசுக்குள் கூட்டிக் கழிக்க வேண்டும். கால்குலேட்டர் அனுமதி இல்லை!

ஜெயராமன் யார் யாருக்கெல்லாம் இப்படி உட்கார்ந்து வாசித்தார் என்று பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி.என். பாலசுப்ரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி... ஒருவர் பாணி இன்னொருவருக்கு வராது. ஜி.என்.பி.யின் வேகப் பிருகா வேறு, மதுரை மணி ஐயரின் ஸ்வரப் பின்னல் வேறு, அரியக்குடியின் கச்சிதம் வேறு, ஆலத்தூராரின் கணக்கு வேறு. ஒரே ஆள் இன்று ஜி.என்.பி.க்கு, நாளை ஆலத்தூருக்கு என்று அவரவர் மொழியிலேயே பதில் பேச வேண்டும். ஒரு தலைமுறையின் பெரிய மூளைகள் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒன்றரை முழத் தூரத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறு யாருக்குக் கிடைக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பின்னால் பாட்டு கட்டிய ஜெயராமனுக்கு இந்தப் பக்கத்து இருக்கைதான் காலேஜ்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பாடகர் கீர்த்தனை பாடும்போது பிடில் வெறும் மெட்டைத்தான் வாசிக்கிறது, சொல் அதற்கு இல்லை. ஆனால் வார்த்தை தெரியாமல் வாசித்தால் வில் தப்பான இடத்தில் திரும்பும். கேட்பவருக்குச் சொல் உடைந்து விழும். 'லால்குடி பாணி' என்று பேர் வாங்கிய வாசிப்பின் முக்கிய லட்சணமே, வில் சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான். சொல் எங்கே முடிகிறதோ அங்கே வில் மாறும், எங்கே நெடிலோ அங்கே நீளும். தெரிந்த பாட்டை அவர் வாசிக்கக் கேட்டால் சாஹித்யம் காதில் விழுவதுபோலவே இருக்கும். பிடில் பாடுகிறது என்று ரசிகர்கள் சொன்னது வெறும் புகழ்ச்சி இல்லை. சொல் இல்லாத வாத்தியத்தை வைத்துக்கொண்டு சொல்லை இவ்வளவு மதித்த மனிதர், ஒருநாள் சொந்தமாகச் சொல் தேடிப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

முன்னால் வந்த பிடில்

அதற்கு நடுவில் இன்னொரு படி இருக்கிறது. பிடில் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தது. எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன், லால்குடி ஜெயராமன் மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்பார்கள். இவர்கள் காலத்தில் தனி வயலின் கச்சேரி ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கும் விஷயமாக வேரூன்றியது.

1965இல் எடின்பரோ விழாவுக்குப் போனார் ஜெயராமன். அங்கே கேட்ட உலகப் புகழ் வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் தன்னுடைய இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். மெனுஹின் பிறகு இந்தியா வந்தபோது, இவர் தந்தத்தில் செய்த நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். வடிவேலுவுக்கு ராஜா கொடுத்தது தந்த வயலின் என்று மேலே பார்த்தோம். ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் நம் கையில் என்ன ஆயிற்று என்று அந்த ஐரோப்பாவே கேட்டுத் தலையாட்டியது, அதற்கு 131 ஆண்டு கழித்து!

1966இல் வயலின், வேணு, வீணை மூன்றையும் ஒரே மேடையில் சேர்த்தார். புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன். பாடகரே இல்லாத கச்சேரி. மூன்று வாத்தியங்களுக்கும் சுருதி, ஓசை அளவு, ஸ்வரம் நீளும் விதம் எல்லாமே வேறு. வீணையில் மீட்டியதும் நாதம் தேய ஆரம்பிக்கும். வயலினில் வில் இருக்கும்வரை நிற்கும். குழலுக்கு மூச்சு இருக்கும்வரை. எதை யார் எடுப்பது, எங்கே சேருவது, எங்கே ஒதுங்குவது என்று முன்கூட்டியே யோசித்து அமைத்தால்தான் இது நிற்கும். அந்த யோசனை ஏறக்குறைய பாட்டு அமைப்பவரின் யோசனைதான்.

சொல் வந்த விதம்

இப்போது அவர் இயற்றியவற்றைப் பார்க்கலாம். வருஷக் கணக்கில் அடுக்காமல், சொல்லின் கணக்கில் அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது.

முதலில் தில்லானா. இதில் பெரும்பகுதி ஜதிதான். நாட்டுவாங்கம், மிருதங்கம் பேசும் சொற்கட்டு. அர்த்தம் தேட வேண்டாம், ஓசைதான் அர்த்தம். கடைசியில் மட்டும் இரண்டு மூன்று வரி சாஹித்யம். வாத்தியக்காரருக்கு இதைவிடச் சொந்தமான உருப்படி உண்டா? மோகனகல்யாணி, தேஷ், சிந்துபைரவி, ரேவதி, மதுவந்தி, த்விஜாவந்தி என்று வரிசையாக இவருடைய தில்லானாக்கள் இருக்கின்றன. மோகனகல்யாணி என்றால் ஏறும்போது மோகனம், இறங்கும்போது கல்யாணி. ஏறும் படிக்கட்டு ஐந்து படி, இறங்கும் படிக்கட்டு ஏழு படி என்று கட்டிய வீடு மாதிரி. அந்தத் தில்லானாவில் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து அவர் விளையாடியிருப்பதைக் கேட்டால், ராகம் தெரியாதவர்களுக்கும் கால் தானாகத் தாளம் போடும்.

அடுத்து வர்ணம். இதில் சொல் குறைவு, ஸ்வரம் அதிகம். ஆனால் ராகத்தின் முழு இலக்கணமும் ஓர் உருப்படிக்குள் அடங்கியிருக்க வேண்டும். பல்லவி, அனுபல்லவி, முத்தாயி ஸ்வரம், சரணம், அதற்கு எத்துக்கடை ஸ்வரங்கள் என்று கட்டுக்கோப்பு கடுமையானது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் சாதகம் செய்வதும் இதைத்தான், பெரிய வித்வான்கள் கச்சேரியை ஆரம்பிப்பதும் இதைத்தான். தப்பு இருந்தால் மறைக்க முடியாது. ஐந்தே ஸ்வரம் உள்ள வலஜியிலும், நளினகாந்தியிலும் வர்ணம் செய்தார். சாருகேசியில் தமிழில் அவர் செய்த வர்ணம், நாட்டியம் ஆடும் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கம். தாலாட்டு ராகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நீலாம்பரியில் முருகன் மேல் ஒரு பத வர்ணம்! மதுரை மீனாட்சி மேல் ராகமாலிகையாக நவரஸ பத வர்ணம். ஒன்பது ரஸத்தையும் ஆடிக் காட்ட இடம் வைத்துக் கட்டியது. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று மொழிகளும் மாறின.

பிறகு முழு நாடகம். 1994இல் 'ஜெய ஜெய தேவி' என்ற நாட்டிய நாடகம் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் அரங்கேறியது. பாட்டும் இசையும் அவருடையவை. கடைசியில் சினிமா. சாரதா ராமநாதன் இயக்கிய 'சிருங்காரம்', 1920களின் தேவதாசி வாழ்க்கையைச் சொல்லும் படம். அதன் இசைக்காக 2005ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. எழுபத்தைந்து வயதில் முதல் படம், முதல் படத்துக்கே தேசிய விருது. வயசாச்சு, இனிமே என்ன என்று ரீயூனியனில் பெருமூச்சு விடும் சீனியர்கள் கவனிக்கவும்!

ஜதி மட்டும், கொஞ்சம் சொல், நிறையச் சொல், ஒரு முழுக் கதை. பிடில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்ததுபோல் இருக்கிறதல்லவா? ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தக் கட்டத்திலும் அவர் பிடிலைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டெழுத உட்காரவில்லை. அந்தத் தில்லானாக்களில் வரும் தாண்டல்களும் சறுக்கல்களும் விரலுக்குத் தோன்றியவை என்று கேட்டாலே தெரியும். பாடுகிறவர்கள் கொஞ்சம் திணறித்தான் பிடிக்கிறார்கள். பிடித்த பிறகு விடுவதில்லை.

டிராயிங்கின் கீழ் மூலை

'மும்மூர்த்திகள் பாடிவைத்ததே ஏழு ஜன்மத்துக்குப் போதும், புதுசு எதற்கு?' என்று கேட்கும் ரசிகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இதற்கு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. உருப்படி நடைமுறையில் நின்றால்தான் பதில். ஜெயராமனின் உருப்படிகள் நின்றுவிட்டன. சென்னையில், சிங்கப்பூரில், லண்டனில், நியூஜெர்சியில் எங்கே அரங்கேற்றம் நடந்தாலும் கடைசியில் வரும் தில்லானா அவருடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் அங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. நான் போன பல அரங்கேற்றங்களில் அறிவிப்பாளர் ராகம் சொல்வார், தாளம் சொல்வார், ஆடை அலங்காரம் யார் என்றுகூடச் சொல்வார். இயற்றியவர் பெயர் மட்டும் விட்டுப்போகும். கேட்பவர்கள் அது ஏதோ தஞ்சாவூர் ராஜா காலத்துப் பழைய தில்லானா என்று நினைத்துக்கொண்டு கைதட்டிவிட்டுப் போவார்கள். ஒரு விதத்தில் அது பெருமைதான். நேற்று இயற்றியது ஆதிகாலத்திலிருந்து இருப்பதுபோல் தோன்றினால், சம்பிரதாயத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் அது சரியில்லை.

நம் தொழிலில் எந்த டிராயிங்கை எடுத்தாலும் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர், தேதி. ஜூனியராக ஒரு சின்ன அடைப்புக்குறித் தகடு வரைந்தாலும் அங்கே நம் பெயர் ஏறும்போது ஒரு சந்தோஷம் வரும். நாளைக்கு அதில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று உலகத்துக்குத் தெரியும். நம் வாக்கேயக்காரர்களும் இதைச் செய்தவர்கள்தான். தியாகராஜர் கடைசி வரியில் தன் பெயரை வைத்தார், தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். முத்திரை உள்ள பாட்டிலேயே இயற்றியவரை மறந்துபோகிறோம். முக்கால்வாசி ஜதியாக இருக்கும் தில்லானாவில் கேட்கவே வேண்டாம். அங்கே அறிவிப்பாளர்தான் அந்தக் கீழ் மூலைக் கட்டம். அவர் சொல்லவில்லை என்றால் காலியாகத்தான் இருக்கும்.

வாழ்நாளில் பாதி, நோட்டீஸில் சின்ன எழுத்தில் பெயர் வந்த தொழில் அது. அந்தத் தொழிலிலிருந்து எழுந்து வந்து பாட்டு கட்டியவருக்கு, பாட்டிலும் பெயர் விட்டுப்போகலாமா? பத்மஸ்ரீ (1972), சங்கீத நாடக அகாடமி விருது (1979), பத்மபூஷண் (2001), அகாடமியின் ஃபெலோஷிப் (2010) எல்லாம் வந்தன. விருது பெற்றவர் பெயர் பேப்பரில் ஒருநாள் வரும். பாட்டோடு சேர்ந்து வரும் பெயர்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

2013 ஏப்ரல் 22இல் சென்னையில் அவர் மறைந்தார். மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் அதே பாணியில் வாசிப்பவர்கள். பாம்பே ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் போன்ற பாடகர்களும் அவருடைய சீடர்கள். பிடில்காரரிடம் பாட்டு கற்றவர்கள்! பாடகர் பின்னால் பிடில் போன காலம் போய், பிடில் பின்னால் பாடகர்கள் வந்தார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் கல்ச்சுரல்ஸில் யாராவது வர்ணமோ தில்லானாவோ ஆடினால், மைக் பிடிப்பவர் யாராக இருந்தாலும், ராகம் தாளத்தோடு இயற்றியவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து விநாடிதான் ஆகும். இதையே டிராயிங்கிலும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் பழகிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனின் பெயரும் அதில் வரட்டும்.

சீனியர் நண்பர்களே, அடுத்த முறை கார்டு லைனில் வரும்போது கொள்ளிடம் தாண்டியதும் ஒரு தில்லானாவைப் போட்டுக் கேளுங்கள். முடிவதற்குள் லால்குடி வந்துவிடும்.